பெரிய வெள்ளிக்கிழமை வைக்கோல்

மதனப்பள்ளி சானடோரியம்,
5 பிப்ரவரி 1940

கர்த்தருக்குள் அன்பான, கர்த்தரை நம்பாத அக்காவுக்கு,

என்னை அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்து இதை எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் குண்டக்கல் ரயில்வே கார்டு ஒருவர் படுத்திருக்கிறார். இருமல் வரும்போதெல்லாம் விசில் ஊதுவது போலக் கையை வாய்க்குக் கொண்டுபோகிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் எனக்கும் இருமல்.

நீ சென்னைக் கல்லூரியில் அரை வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு என் மாடுகளோடு உட்கார வந்ததை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. அப்பா இருந்தால் செகந்திராபாத் திருமுல்கேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

வேலைக்கு வருகிறேன். மாட்டு வியாபாரி அப்துல் ரஹீம் பாய் ஏப்ரலிலிருந்து வாரம்வாரம் நம் மாடுகளைப் பட்டாள இறைச்சி டிப்போவுக்கு ஓட்டிப்போவார். யுத்தம் வந்த பிறகு பட்டாளத்துக்கு மாட்டிறைச்சி இரண்டு பங்காக வேண்டுமாம். வைக்கோலையோ ராணுவக் கோவேறு கழுதைகளுக்கென்று அள்ளிக்கொண்டு போகிறார்கள். காலையில் மாட்டுக்கு ஒரு கை போட வைத்திருக்கலாம், அதை வைத்துக் கொழுக்கவைக்க முடியாது. பச்சையில் மேயவிட்டுத்தான் தேற்ற வேண்டும். துரைமார் இந்த மாதங்களை வசந்தம் என்கிறார்கள். நமக்கு இது பலாசு பூத்து, கிணறு இறங்கி, புல் காய்கிற காலம். இந்தக் காலத்தில் எதை மேயவிட்டால் மாடு தேறும் என்று பார்த்துச் சொல். கொழுக்கட்டைப் புல்லே போதும் என்பது என் எண்ணம். நீ தாவரம் படித்தவள். இந்த வருஷத்து டிப்போ ஒப்பந்தத்தில் ஏப்ரல் நடுவில் கையெழுத்து. அது கிடைத்தால்தான் இந்தக் கட்டிலும் பண்ணையும் நமக்கு நிற்கும்.

நடேசனை உனக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து மாடு பார்க்கிறவன். பண்ணையில் தானாகச் செத்த மாட்டின் தோல் அவனுக்கு என்பதும் அப்பா செய்த ஏற்பாடு, அதை மாற்றாதே. எல்லாம் தெரியும் என்பான். பாதி நிஜம்.

உன் தம்பி,
சிலாஸ்


திருமுல்கேரி,
14 பிப்ரவரி 1940

சிலாஸ்,

உன் கடிதம் கிடைத்தது. எழுதவும் கூடாது என்று டாக்டருக்கு நான் ஒரு வரி போடலாமா என்று யோசித்தேன். இந்த முறை விட்டுவிட்டேன்.

கொழுக்கட்டைப் புல்லே போதும் என்கிறாய். போதும் என்று நீ எப்படி அறிந்தாய்? வேறொன்றை மேயவிட்டுப் பார்த்ததில்லை. ஆகவே நிலத்தை மூன்றாகத் தடுத்திருக்கிறேன். பாறைக்குப் பக்கம் உன் கொழுக்கட்டைப் புல். கிணற்றடியில் குதிரைமசால். தொழுவத்தை ஒட்டி, அறுத்த சோளத்தின் கட்டைகளுக்குத் தண்ணீர் விட்டு வந்த மறுதாம்பு. ஒவ்வொன்றிலும் ஒரே வயதுள்ள மாடுகள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மார்புச் சுற்றளவு எடுக்கப்போகிறேன்.

தையற்காரர் நாடாவை வைத்துக்கொண்டு நான் தொழுவத்துக்குள் போனபோது நடேசன், "என்னம்மா, மாட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றான். பிறகு அவனே நாடாவைப் பிடித்துக்கொண்டான். நான் பிடித்தால் மாடு உதைக்கிறது.

குதிரைமசாலில் ஒரு மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. நடக்கவைத்துச் சரிசெய்தோம். அதற்குத் தண்ணீரும் அதிகம் வேண்டியிருக்கிறது. கிணற்றில் கவலை இறைக்கிற மாடுகளே இளைத்துவிடும் போலிருக்கிறது. உன் புல்லில் ஆபத்து எதுவும் இல்லை. வளர்ச்சியும் இல்லை. மாடுகள் அதைக் கடமைக்கு மேய்கின்றன.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

பியூலா


மதனப்பள்ளி,
26 பிப்ரவரி 1940

அன்பான அக்கா,

நீ மாட்டுக்குப் பரீட்சை வைக்கிறாய் என்று கார்டிடம் சொன்னேன். மாடு உங்க அக்காவுக்கு வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். இருவரும் சேர்ந்து இருமினோம்.

சோளத்தை நினைத்தால் எனக்குப் பயம். இளம் சோளம் மாட்டைக் கொல்லும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் புத்தகங்களில் அதற்கு ஒரு பெயரும் இருக்கும். வெறும் வயிற்றோடு ஒரு நாளும் உள்ளே விடாதே.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றினேன். அடுத்த மாதம் பெரிய வெள்ளி. அன்று பகல் மூன்று மணி வரை பண்ணையில் யாரும் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அடுப்பு இல்லை, கவலை இறைப்பதில்லை, தொழுவத்துக் கதவு திறப்பதில்லை. நடேசனுக்கும் விடுமுறை. நீ இதைக் கேலி செய்வாய். சின்ன வயதில் அப்பா முகத்துக்கு நேரே செய்திருக்கிறாய், அவர் உன்னோடு எத்தனை மாதம் பேசவில்லை என்பதும் நினைவிருக்கும். உனக்கு நம்பிக்கை இல்லாமல் போகட்டும். நான் இங்கே படுத்திருக்கிற இந்த ஒரு வருஷம் எனக்காக அதை நடத்திவை. நான் எழுந்து வருவேனோ இல்லையோ.

சிலாஸ்


திருமுல்கேரி,
15 மார்ச் 1940

சிலாஸ்,

எழுந்து வருவேனோ இல்லையோ என்று எழுதி ஒருத்தியைச் சம்மதிக்கவைப்பது நியாயமான வாதம் அல்ல. ஆனாலும் சம்மதிக்கிறேன். அப்பாவின் சட்டம் எழுத்துப் பிசகாமல் நடக்கும். மூன்று மணி நேர ஆராதனைக்கு நானே போய் உட்காருகிறேன். எத்தனை வருஷம் கழித்து என்று உபதேசியாரிடம் விசாரித்துக்கொள்.

இப்போது பரீட்சையின் முடிவு. சோளம்தான் முதல். வளர்ச்சியில் பாதிக்குமேல் வித்தியாசம். நாடா பொய் சொல்லாது. குதிரைமசால் இரண்டாவது, உன் கொழுக்கட்டைப் புல் கடைசி. சோளத்தைப் பற்றி நீ பயந்தது எதுவும் நடக்கவில்லை, காரணம் நாங்கள் விதியோடு செய்கிறோம். விடியற்காலையில் நடேசன் ஒவ்வொரு மாட்டுக்கும் வைக்கோல் போடுகிறான். அது தின்று முடித்த பிறகே தொழுவத்தின் பின்கதவைத் திறக்கிறோம். இடுப்பளவு வளர்ந்த பகுதியில் மட்டும் மேய்கின்றன.

இதை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி டிப்போவுக்கு அனுப்பப்போகிறேன். ரஹீம் பாய் வந்து பார்த்துவிட்டு, "கைக்கு அம்மா இவ்வளவு நாள் மதராஸ்ல இருந்தீங்க?" என்று கேட்டார். ஏன் என்பதற்கு அவருக்குக் 'கைக்கு'தான். புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது என்று நீ நினைக்கலாம். பிடித்திருந்தது.

கிணறு இறங்கிவிட்டது. சோளத்தில் அளவெடுப்பு முடிந்துவிட்டதால் அதற்குத் தண்ணீரை நிறுத்திக் குதிரைமசாலுக்குத் திருப்பிவிட்டேன். வெயிலைச் சொல்லி முடியாது.

பியூலா


திருமுல்கேரி,
24 மார்ச் 1940

சிலாஸ்,

ஈஸ்டர் வாழ்த்து.

வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போனேன். இரண்டு மூன்று மாடுகளுக்கு உடம்பு சரியில்லை. டிப்போவின் மாட்டு வைத்தியர் வந்து பார்த்தார். நீ அதை நினைத்துக்கொண்டிருக்காதே. உன் உடம்பு வெப்பம் எத்தனை இருக்கிறது என்று எழுது, சாயங்கால வெப்பத்தை.

பியூலா


மதனப்பள்ளி,
28 மார்ச் 1940

அக்கா,

இரண்டு மூன்று மாடுகளா?

ரஹீம் பாயிடமிருந்து தபால் அட்டை வந்தது. பெரிய வெள்ளி சாயங்காலம் ஒன்பது மாடுகள் செத்துவிட்டன என்கிறார். விஷம் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். தோல் யாருக்குப் போகும் என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் கேட்டாராம். நடேசனுக்கு என்று யாரோ சொல்ல, சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்திருக்கிறார்களாம். இதில் ஒரு வரியாவது உன் கடிதத்தில் இல்லை. சாயங்கால வெப்பத்தைக் கேட்டிருக்கிறாய். நூறு.

நடேசன் செய்திருப்பானா? இரவு முழுக்க இதையே நினைத்தேன். தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைத்த கதைகள் போலாரம் பக்கம் முன்பும் கேட்டிருக்கிறோம். ஆனால் என்னைத் தோளில் வைத்து முஹர்ரம் லங்கர் ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனவன் அவன். மனுஷன் மனதில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள் என்று எழுதுகிறேன், எழுதும்போதே கை கூசுகிறது.

போலீஸ் விசாரித்துக்கொள்ளட்டும். நீ அதில் தலையிடாதே. நம்முடைய தீவனத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்தால் ஒப்பந்தம் போய்விடும். அதை மட்டும் நினைவில் வை.

சிலாஸ்


திருமுல்கேரி,
31 மார்ச் 1940

சிலாஸ்,

மறைத்தேன். உன் நுரையீரலைச் சாக்காகச் சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. நடந்ததை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் மாடுகள் கத்தின. நான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். வைக்கோல் போடவில்லையே என்று தோன்றியது. இதை நீ கவனமாகப் படி: தோன்றியது. பிறகு, இன்று வேலை இல்லை, மூன்று மணி வரைதானே என்று நினைத்தேன். உனக்கு எழுதப்போகிற வாக்கியம் அப்போதே மனதில் தயாராக இருந்தது. 'உன் அப்பாவின் சட்டத்தை உன்னைவிடச் சுத்தமாக நடத்தினேன்.' அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் தொழுவத்துக்குப் போகவில்லை. அன்பு கொஞ்சம் இருந்தது. எகத்தாளம் அதைவிட அதிகம்.

கோவிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வரும்போது என்னைப் பார்த்துப் பேச நாலு பேர் நின்றார்கள், ஆச்சரியம் அவர்களுக்கு. நான் வீடு வந்து சேர்வதற்குள் நடேசன் மூன்று மணிக்கு வழக்கம்போலப் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தான். பசித்த மாடுகள். பத்து நாளாகத் தண்ணீர் காணாமல், வெயிலில் குன்றிச் சுருண்ட சோளம். தண்ணீரை நிறுத்தியது நான். அப்படிக் குன்றிய சோளத்தில் விஷம் பல மடங்கு என்று இருபது வருஷமாகப் பெண்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன்.

நான் போனபோது முதல் மாடு நடுங்கிக்கொண்டிருந்தது. மற்றவற்றை நடேசன் கத்திக் கத்தி விரட்டி வெளியே ஓட்டினான், அதனால்தான் பாதி பிழைத்தன. கறுப்புக் காளை அவன் காலடியிலேயே விழுந்தது. இருட்டுவதற்குள் ஒன்பது.

சனிக்கிழமை காலை செகந்திராபாத் பள்ளிக்கூட ஆய்வறைக்குப் போய்ப் பிக்ரிக் அமிலமும் சோடாவும் வாங்கி வந்து கரைத்தேன். அதில் நனைத்த மஞ்சள் தாளை, கசக்கிய சோள இலையோடு சீசாவில் போட்டு மூடினால், விஷம் இருந்தால் தாள் செங்கல் நிறமாகும். ஆனது. ரத்தம் போல் ஆனது. நான் அந்தச் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபோதுதான் வாசலில் போலீஸ் வந்து நடேசனைக் கூப்பிட்டார்கள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். அவன் பெண்சாதி கமலம் பின்னாலேயே ஓடினாள். நான் சீசாவை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி போட்டார், மேடம் என்றார், உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு துரோகம் என்று வருத்தப்பட்டார். நான் நடேசனைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவன் உதடு வீங்கியிருந்தது. அன்று காலை ஏன் வைக்கோல் போடவில்லை என்று அவனிடம் கேட்டேன். எனக்கு வெட்கம் என்பது இருந்திருந்தால் அதைக் கேட்டிருக்க மாட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பெரிய வெள்ளிக்கு நான் போடறதே இல்லியேம்மா. சின்னய்யாதான் இருட்டோட வந்து போடுவாரு. பெரியய்யா இருந்தப்போ பயந்துக்கிட்டு, லாந்தர்கூட இல்லாம. நான் பாத்தும் பாக்காத மாதிரி படுத்திருப்பேன். இந்தத் தடவை நீங்க போட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன். சின்னய்யா உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். 

சிலாஸ், இது உண்மையா?

நிலம் உன்னுடையது, ஒப்பந்தம் உன்னுடையது. உன் பதில் வரட்டும் என்று இருக்கிறேன்.

பியூலா


மதனப்பள்ளி,
3 ஏப்ரல் 1940

அக்கா,

உண்மை.

பதினாறு வயதில் தொடங்கியது. மாடு கத்துவதைக் கேட்டுக்கொண்டு ஜெபம் பண்ண எனக்கு முடியவில்லை. அப்பாவிடம் சொல்லும் தைரியமும் இல்லை. அவர் போன பிறகு நான் சட்டத்தை மாற்றியிருக்கலாம். மாற்றினால் அப்பாவின் பெரிய வெள்ளி போய்விடும் போலிருந்தது. ஆகவே சட்டம் எல்லாருக்கும், வைக்கோல் இருட்டில். உனக்கு எழுதும்போது அந்த வரி பேனா முனை வரை வந்தது. நீ சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன். எனக்காக நடத்திவை என்று கேட்டுவிட்டு, நானே அதை ஒரு வருஷமும் நடத்தியதில்லை என்று எப்படி எழுதுவேன்? சோளத்தைப் பற்றி எச்சரித்தேனே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வைக்கோலை நினைத்தும் நீ போடாமல் விட்டது ஒரே ஒரு காலை. நான் மறைத்தது இருபத்தைந்து வருஷம். குற்றத்தை நீ முழுதாக எடுத்துக்கொள்ளாதே.

ஆனால் அக்கா, கையெழுத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். அதுவரை பொறு. அது முடிந்த மறுநாள் நீ ஸ்டேஷனுக்குப் போ, நானும் எழுதுகிறேன். நடேசன் வீட்டுக்கு அரிசி அனுப்பு. அவன் நம்மைப் புரிந்துகொள்வான். எப்போதும் புரிந்துகொண்டிருக்கிறான்.

இதைக் கேட்கிற நான் யார் என்று எனக்குத் தெரிகிறது. இருந்தும் கேட்கிறேன்.

சிலாஸ்


திருமுல்கேரி,
7 ஏப்ரல் 1940

சிலாஸ்,

அரிசி அனுப்பினேன், உன் கடிதம் வருவதற்கு முன்பே. கமலம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தொழுவத்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. இரண்டு முறை படித்தேன். பொறு என்று நீ கேட்டதில் எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. நிம்மதிதான் வந்தது. இன்னும் சில நாள் சொல்லாமல் இருக்கலாம், கேட்டால் தம்பி சொன்னான் என்று சொல்லிக்கொள்ளலாம். நீ கேட்பதற்கு முன்பே நான் இரண்டு வாரம் பொறுத்திருந்தேன் என்பது அந்த நிம்மதியில்தான் எனக்குப் புரிந்தது. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதினேனே, நான் காத்திருந்தது இந்தப் பதிலுக்குத்தான்.

நேற்றுக் காலை காய்ந்துகொண்டிருந்த சோளத்தில் ஒரு கட்டு அறுத்து, சீசாவும் தாளும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் ரஹீம் பாய் நின்றிருந்தார், அவர் மாடுகள் விஷயமாக. என் கையில் இருப்பதைப் பார்த்தார். "நக்கோ அம்மா, வேணாம்," என்றார் மெதுவாக. "சொல்லிட்டீங்கன்னா டிப்போ நம்ம ரெண்டு பேரையும் விட்டுடும். அவன் ஒரு மாசத்துல வெளிய வந்துடுவான்." அவர் கெட்டவர் இல்லை. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் இலையைக் கசக்கிச் சீசாவில் போட்டுத் தாளைத் தொங்கவிட்டு மூடினேன். வெறும் கொழுக்கட்டைப் புல்லைக் கசக்கி இன்னொரு சீசாவில் போட்டேன். வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவர் டீ குடித்தார். எனக்கும் வரவழைத்தார், ஆறிப்போனது. ஒரு தாள் மஞ்சளாகவே இருந்தது. மற்றது ஓரத்திலிருந்து நிறம் மாறத் தொடங்கியது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். இதைப் பயிரிட்டது யார் என்று கேட்டார். நான் என்றேன். தண்ணீரை நிறுத்தியது? நான். பட்டினி போட்டது? நான். இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி காலை என்றேன்.

அதற்குப் பிறகு அவர் மேடம் என்று சொல்லவில்லை.

வைக்கோல் யார் போட வேண்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் உன் பெயரைச் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைக்காதே. அதுவும் ஒரு மறைப்புத்தான், உனக்காக ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன்.

மாலையில் விட்டார்கள். நான் டாங்காவை நிறுத்திவைத்திருந்தேன். நடேசன் அதில் ஏறவில்லை. ஸ்டேஷனிலிருந்து பண்ணை வரை அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால் நடந்தேன், டாங்கா எங்கள் பின்னால் வந்தது. பண்ணை வாசலில் நின்றான். மன்னிக்கும்படி கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பேசவிடவில்லை.

"இனிமே செத்த மாட்டுத் தோல் எனக்கு வேணாம்னு எழுதிக்கோங்கம்மா. என் கைநாட்டு வச்சித் தரேன்."

அது அப்பாவின் ஏற்பாடு என்று ஏதோ சொன்னேன்.

"அதனாலதான் வேணாம்" என்றான்.

டிப்போவுக்கும் இன்று எழுதி அனுப்பிவிட்டேன். பரீட்சையின் முடிவை மாற்றவில்லை. சோளம் மாட்டைத் தேற்றும். என்ன தவறினால் கொல்லும் என்பதையும், யார் தவறினார்கள் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். மருந்தை நிறுத்தாதே. கட்டிலுக்கு என் சேமிப்பு இருக்கிறது.

பியூலா


மதனப்பள்ளி,
12 ஏப்ரல் 1940

அக்கா,

நீ விட்டுவைத்ததை எடுத்துக்கொண்டேன். டிப்போவுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் ரஹீம் பாய்க்கும் தனித்தனியே எழுதிவிட்டேன். உபதேசியாருக்கும் எழுதினேன், அதுதான் கடினமாக இருந்தது. இருபத்தைந்து வருஷமாக நோன்புக்கு உதாரணம் என்று என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நடேசனுக்கு எழுதத் தொடங்கி மூன்று தாள் கிழித்தேன். அவனுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். யாருடைய குரலில் அவன் அதைக் கேட்பான் என்று யோசித்தபோது எழுத ஓடவில்லை. உன் குரலிலா? வேண்டாம். நான் எழுந்து வந்து நேரில் சொல்கிறேன்.

ரயில்வே கார்டு போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். கட்டில் காலியாக இருக்கிறது. எழுந்து வரவேண்டும் என்று இப்போது எனக்கு நிஜமாகவே ஆசையாக இருக்கிறது அக்கா. முன்பு உன்னைப் பயமுறுத்தச் சொன்னேன்.

சிலாஸ்


திருமுல்கேரி,
20 ஜூன் 1940

சிலாஸ்,

வெப்பம் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியதாக டாக்டர் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன்.

ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விட்டது, உனக்கு ரஹீம் பாய் எழுதியிருப்பார். மிச்சமிருந்த மாடுகளில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்காமல். மற்றவை உன் கொழுக்கட்டைப் புல்லில் மேய்கின்றன. முதல் மழை பெய்துவிட்டது. பாறை இடுக்கெல்லாம் பச்சை. சோளக் கட்டைகளை உழுதுவிட்டேன்.

கல்லூரிக்கு இந்த வருஷம் வரவில்லை என்று எழுதிவிட்டேன். நீ வரும் வரை இங்கேதான்.

நடேசன் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். குடியிருப்பது இன்னும் தொழுவத்துக்கு எதிர்க் குடிசையில்தான், வேறு இடம் கிடைக்கும் வரை என்று கமலம் சொல்லியனுப்பினாள். காலையில் ஊதல் ஊதுவதற்கு முன் கிளம்பிப் போகிறான். என்னைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நின்று பேசுவதும் இல்லை. கைநாட்டு வைத்த தாளை உனக்காக வைத்திருக்கிறேன், நீ வந்து அவனிடமே கொடு, கிழிப்பதோ வைத்துக்கொள்வதோ அவன் இஷ்டம்.

மாடு பார்க்க வேறு ஆள் வைக்கவில்லை. விடியற்காலையில் வைக்கோலை நானே போடுகிறேன். கை முழுக்கக் கீறல். ஞாயிற்றுக்கிழமையும் போடுகிறேன். அடுத்த பெரிய வெள்ளிக்கும் போடுவேன், நீ ஊரில் இருந்தாலும் சரி. அப்பாவின் சட்டத்தில் மீதியை நீ வைத்துக்கொள்.

நீ இருட்டில் போட்டதாக அவன் சொன்னான். நான் லாந்தரை ஏற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, எதிர்க் குடிசையைப் பார்த்த கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு போடுகிறேன்.

பியூலா